மேஸ்திரிக்கு ஒரு ட்ரயல்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஜீவிதாவைத் தெரியாதவர்கள் குறைவு. கிரில் பட்டறை, கியர் கம்பெனி, பழைய மெஷின் வாங்கி விற்கிறவர்கள் என்று அங்கே யாருக்கு வெப்சைட் வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். டீக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தருகிற ஃபேன் ஒன்று, இவ்வளவுதான் ஆபீஸ். மற்றவர்கள் செய்கிற வெப்சைட்டில் சூரியன் உதிக்கும், கோட்டு போட்டவர்கள் கை குலுக்குவார்கள். ஜீவிதா செய்வதில் மெஷின் மட்டும்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் கிளம்பி வருவான். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, அவள் உழைத்து வாங்கிய கர்வம்தானே.

அந்தக் கர்வத்துக்குச் சோதனை வைக்க வந்தவன் குப்புராஜ். பேட்டைக்குள் லோடு வண்டி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரத்தில் அதே வண்டியைப் பள்ளிக்கரணையில் சரசு என்பவள் நடத்தும் நாய்கள் இல்லத்துக்கும் ஓட்டுவான்.

“அக்கா, நீ போட்ட பேஜைப் பாத்துத்தான லோகநாதன் சாரோட பழைய லேத் மெஷினை வந்து தூக்கினு போனாங்க?”

“ஆமா.”

“அப்ப பழைய நாய்க்கும் ஒரு பேஜ் போட்டுக் குடேன்.”

ஜீவிதா சிரித்தாள். குப்புராஜ் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சதுப்பு நிலத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் ‘நரைமூக்கு இல்லம்’ என்று பலகை. மேடவாக்கத்தில் ஐ.டி. பையன்களுக்கு மெஸ் நடத்திய காலத்தில் மீந்த சோற்றைத் தெருநாய்க்குப் போட ஆரம்பித்தவள் சரசு. சோறு போட்ட நாய்களுக்கு வயதானது. வயதான நாயைத் தேடிப் போனாள். கடைசியில் மெஸ்ஸை மூடிவிட்டு இதுவே வேலை என்று உட்கார்ந்துவிட்டாள். குட்டிகளை அவள் சேர்ப்பதில்லை. குட்டி என்றால் கொஞ்ச ஊரே வரும், கிழடுக்கு நாதி இல்லை என்பது அவள் கட்சி.

இல்லத்தின் பழைய வெப்சைட்டைச் சரசு திறந்து காட்டினாள். திறக்கிறவன் கண்ணைக் கசக்காமல் போகக்கூடாது என்று யாரோ கங்கணம் கட்டிக்கொண்டு செய்தது போலிருந்தது. கறுப்புப் பின்னணியில் சிரங்கு, புண், ஒட்டிய விலா. எல்லா நாயையும் நின்றபடியே மேலேயிருந்து படம் பிடித்திருந்தார்கள். அவையெல்லாம் கம்பிக்குப் பின்னாலிருந்து, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவை மாதிரி அண்ணாந்து பார்த்தன. அடியில் சிவப்பு எழுத்தில், ‘இந்த வாயில்லா ஜீவனின் கண்ணீர் உங்கள் காதில் விழுகிறதா?’ என்று ஒரு கேள்வி. கண்ணீர் எப்படிக் காதில் விழும் என்று ஜீவிதாவுக்குத் தோன்றியது. வாய்விட்டுக் கேட்கவில்லை. அதை எழுதியவள் எதிரில் உட்கார்ந்து அவளுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“இத்தப் பாத்துட்டு வர்றாங்கம்மா, வராம இல்ல,” என்றாள் சரசு. “பொறந்தநாளுக்கு சோறு போட வர்றாங்க. மூக்கைப் பொத்திக்கினு ஐயோ பாவம்ங்கிறாங்க. போட்டோ புட்ச்சிக்கினு பூட்றாங்க. வூட்டுக்கு இட்டுகினு போறேன்னு ஒருத்தர் வாயிலயும் வர்ல.”

அப்போது ஜீவிதாவின் செருப்புமேல் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்தாள். ஒரு நாயின் தலை. செம்மண் நிற உடம்பு, மாவில் முக்கி எடுத்தது போல வெளுத்த முகம். யாரைக் கேட்டும் அது தலையை வைக்கவில்லை. வைத்துவிட்டு எடுக்கவும் இல்லை.

“அவன்தான் மேஸ்திரி,” என்றாள் சரசு. “இங்க பக்கத்துல அடுக்குமாடி கட்டுனாங்களே, அந்த எடத்துலயே வளந்தவன். செங்கல்லு மணலு எல்லாத்துக்கும் இவன்தான் காவல். கட்டி முடிச்சு வேலக்காரங்க வேற எடத்துக்குப் பூட்டாங்க. குடி வந்தவங்க இவனை கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாங்க. அவன் காவல் காத்த வூடும்மா அது.”

சரசு ஆற்றிய காபியை ஜீவிதாவிடம் நீட்டினாள்.

“டாக்டரு இன்னா சொல்றாருன்னா, இந்த மழை தாங்குவான், அடுத்த மழைக்கு உத்தரவாதம் இல்லன்றாரு. இங்க எல்லாம் இந்த சிமெண்ட் தரையிலதான் போய்ச் சேருதுங்க. என் மடியில வெச்சுக்கினுதான் அனுப்புறேன், அது வேற. இவன் ஒருத்தனுக்காவது சொந்தமா ஒரு வூட்டு வாசல் கெடைக்கணும். அத்தப் பண்ணிக் குடு.”

ஜீவிதாவுக்கு நாய்கள்மேல் அதுவரை தனியாக அன்பும் கிடையாது, பகையும் கிடையாது. ஆனால் யாராவது ஒரு பழைய பொருளைக் காட்டி, இதற்கு ஓர் இடம் பார்த்துக் கொடு என்றால் அவளுக்குக் கை பரபரக்கும். காலை மெல்ல உருவிக்கொண்டு, “பார்க்கலாம் அக்கா,” என்றாள்.

அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஆபீசுக்கு வந்ததும் லோகநாதனின் பழைய மெஷின்களை விற்கப் போட்டிருந்த பக்கத்தை அப்படியே நகலெடுத்தாள். மெஷினின் படம் இருந்த இடத்தில் நாய். தயாரித்த வருடம் இருந்த இடத்தில் வயது. அடுத்து என்னென்ன ஓடுகிறது, என்னென்ன தேய்ந்திருக்கிறது, இதுவரை என்ன ரிப்பேர் நடந்தது. இரும்புக்கு எழுதியது எலும்புக்கும் பொருந்தத்தான் செய்தது.

படம் எடுப்பதற்கு மட்டும் ஒரு முழுப் பகலும் போனது. மெஷினைப் படம் எடுக்கும்போது துடைத்து, எண்ணெய் போட்டு, வேலை செய்கிறவன் நிற்கிற பக்கத்திலிருந்து அதன் மட்டத்துக்குக் குனிந்துதான் எடுப்பாள். இங்கேயும் அதே முறைதான். சரசுவும் குப்புராஜும் ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டிக் கொண்டுவர, ஜீவிதா தரையில் மல்லாந்தும் குப்புறவும் கிடந்து எடுத்தாள். நாயின் கண்ணுக்கு நேரே கண் வைத்துப் பார்த்தபோது அங்கே ஒரு பரிதாபமும் இல்லை. வாழ்க்கையில் நிறையப் பார்த்துவிட்ட பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. அதிலும் மேஸ்திரி, சிமெண்ட் கலவை சரியில்லை என்று இப்போதே சொல்லப்போகிறவன் போல முறைத்தான். சுடிதாரெல்லாம் ஈர மண்ணாக எழுந்தவளுக்கு, இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

மேஸ்திரியின் பக்கத்தில் அவள் எழுதியது இது:

‘வயது பதிமூன்று இருக்கலாம், கூடவும் இருக்கலாம். மூக்கும் வாலும் புதிது போல வேலை செய்கின்றன. இடது கண்ணில் பார்வை இல்லை. வலது காது பாதி கேட்கும். பின்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன, படி ஏற மாட்டான். நடை மிக மெதுவு. கம்பத்துக்குக் கம்பம் நிற்பான், அவசரப்படுத்தினால் உட்கார்ந்துவிடுவான். குறட்டை உண்டு, கதவைச் சாத்தினாலும் கேட்கும். தினமும் மாத்திரை தர வேண்டும். தயிர்சாதத்தில் வைத்தால் ஏமாறுவான், இட்லியில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவான்.’

சரசுவுக்குப் படித்துக் காட்டியதும் அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

“இன்னாம்மா இது, கொறையெல்லாம் தேடித் தேடி எழுதி வெச்சிக்கிற. பொண்ணு பாக்க வர்றவன்கிட்ட பல்லு சொத்தைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?”

“தேய்மானத்தை மறைச்சு மெஷினை வித்தா, வாங்கினவன் மறுநாளே கொண்டாந்து வாசல்ல போட்டுடுவான் அக்கா. எழுதிட்டோம்னா, தெரிஞ்சேதான் வருவான். மேஸ்திரியை அப்படி யாராவது திருப்பிக் கொண்டாந்து விட்டா நீங்க தாங்குவீங்களா?”

சரசு மேஸ்திரியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். முன்பு ஒருமுறை ஒரு பெட்டை நாயை ஆசையாகக் கூட்டிப்போனவர்கள், மூச்சு வாங்குகிறது என்று மூன்றாம் நாளே கொண்டுவந்து விட்டார்கள். அது அப்புறம் சோற்றுத் தட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. குப்புராஜ் இந்தக் கதையைப் பிறகுதான் ஜீவிதாவிடம் சொன்னான்.

“சரி, ஒரு மாசம் பாப்போம்,” என்றாள் சரசு கடைசியில். “அதுக்குள்ள மேஸ்திரிக்கு வூடு அமைஞ்சா உன் பேஜ். இல்லாங்காட்டி அந்தக் கறுப்புப் பேஜையே திரும்பப் போட்டுக் குடுத்துடு. பாவம்னாச்சும் சொல்லுவாங்க.”

புதிய பக்கம் வெளியான மறுநாள் காலையில் சரசுவிடமிருந்து போன். குரலில் அனல் அடித்தது.

“யம்மா, இன்னா பண்ணி வெச்சிக்கிற? யாரோ ஒரு ஆளு போன் பண்ணி, மேஸ்திரிய ட்ரயல் பாக்க வர்லாமான்னு கேக்குறாரு. பேண்ட் சட்ட கடையா நான் வெச்சிக்கினு கீறேன்?”

ஜீவிதா போனோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்தைத் திறந்து பார்த்தாள். விலை, குதிரைத்திறன், எடை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நீக்கியிருந்தாள். ஆனால் ஒவ்வொரு நாயின் படத்துக்குக் கீழேயும் பச்சைப் பட்டையில், ‘ட்ரயல் பார்க்க நேரம் குறிக்கவும்’ என்ற பொத்தான் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதை வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, அது இருப்பதே அவள் கண்ணில் படவில்லை.

பேட்டையில் ட்ரயல் இல்லாமல் பழைய மெஷின் கை மாறாது. வாங்க வருகிறவன் தன் பட்டறையில் செய்கிற வேலையிலிருந்து ஒரு துண்டைக் கையோடு கொண்டுவருவான். அதை அந்த மெஷினில் மாட்டி, ஓட்டி, பக்கத்திலேயே பாதி நாள் உட்கார்ந்திருப்பான். பிடித்தால் எடுத்துக்கொள்வான். பிடிக்காவிட்டால் டீ குடித்துவிட்டுப் போய்விடுவான், அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. இரும்பு விஷயத்தில் இது நல்ல வழக்கம்தான். உயிர் உள்ளதற்கு இதைப் போட்டால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஜீவிதாவுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு அசட்டுத்தனம் அவள் செய்ததில்லை.

“மன்னிச்சுக்குங்க அக்கா. இப்பவே எடுத்துடறேன்.”

“எடு, எடு. என் பசங்களைப் பாத்துட்டு வேணாம்னு சொல்றதுக்கு ஒருத்தன் வருவானா? ஆனா அந்த ஆளு கெளம்பிட்டாராம். வந்தா நீயே பேசிக்கோ.”

ஜீவிதா விழுந்தடித்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனாள். போய்ச் சேர்ந்தபோது ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. சவுரிமுத்து என்று பெயர் சொன்னார். அனகாபுத்தூர்க்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“சார், அந்தப் பட்டன் தப்பா வந்துடுச்சு,” என்று ஜீவிதா ஆரம்பித்தாள். “நாயை ட்ரயல் பார்க்கிறதுன்னு நாங்க...”

“தப்பாவா?” சவுரிமுத்து ஏமாந்துபோனது முகத்தில் தெரிந்தது. “நான் அதைப் பாத்துதாம்மா வந்தேன். முன்னாடி இருந்த கறுப்புப் பக்கத்தையும் பாத்திருக்கேன். அதைப் பாத்தா வரத் தோணல. வந்துட்டு, சரிப்படாதுன்னு சொல்லிட்டு அந்த முகங்களை விட்டுட்டு எப்படித் திரும்பிப் போறது? அந்தப் பயத்துலயே வரல. ட்ரயல்னு போட்டிருந்தீங்க. சரி, வேணாம்னு சொல்றதுக்கும் வழி வெச்சிருக்காங்க, போய்ப் பாக்கலாம்னு கெளம்பிட்டேன்.”

சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றிருந்த சரசுவின் கை தானாகக் கீழே இறங்கியது.

“சரி, இன்னா ட்ரயல் பாக்கப் போறீங்க?” என்று கேட்டாள்.

“நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கும்மா. தினம் நடக்கணும், ஆனா மெதுவா நடக்கணும்னு உத்தரவு. ஓடுற பஸ்ஸுல நின்னே காலத்தை ஓட்டினவனுக்கு மெதுவா நடக்க எங்க வருது? கூட வர்றவங்களும் என்னை விட்டுட்டு முன்னாடி போயிடறாங்க. கம்பத்துக்குக் கம்பம் நிப்பான், அவசரப்படுத்தினா உக்காந்துருவான்னு ஒருத்தரைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அவர்கூட ஒரு நடை போய்ப் பாக்கலாம்னு வந்தேன்.”

சங்கிலியைக் கையில் கொடுத்தார்கள். இருவரும் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் நடந்தார்கள். நடந்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்லலாம். மேஸ்திரி முதல் கம்பத்தில் நின்றான். சவுரிமுத்து நின்றார். அவன் மோந்து முடித்து ஒரு முடிவுக்கு வரும்வரை அவர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். அடுத்த கம்பத்தில் மேஸ்திரி உட்கார்ந்தே விட்டான். அவரும் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சரசு, புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கினாள். பரீட்சை எழுதுகிற பிள்ளையை ஜன்னல் வழியே பார்க்கிற தாய்க்கும் அவளுக்கும் அப்போது வித்தியாசம் இல்லை.

திரும்பி வந்த சவுரிமுத்து மேஸ்திரியின் தலையைத் தடவினார். “எழுதினதுல பொய்யே இல்ல,” என்று மட்டும் சொன்னார். கூட்டிப் போகிறேன் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு ஜீவிதா அந்தப் பொத்தானை எடுக்கப் போனபோது சரசுவே தடுத்தாள். “இருக்கட்டும். வேணாம்னு சொல்றவனும் வந்து பாத்துட்டே சொல்லட்டும். கூட நடந்து பாத்தவன் பாவம்னு சொல்ல மாட்டான் இல்ல?”

அடுத்து வந்த நாட்களில் ட்ரயல் கேட்டுப் போன் வந்துகொண்டே இருந்தது. தாம்பரத்திலிருந்து ஒரு தம்பதி வந்து, ஒரு பகல் முழுக்கத் தங்கி, காது கேட்காத ஒரு கறுப்பு நாயைக் கூட்டிப்போனார்கள். அவர்கள் வீட்டுக்கு மேலே விமானம் பறக்கிறதாம். எதற்கும் பதறாத நாய்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சிலர் வந்து, பழகி, நமக்கு ஒத்துவராது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சரசு அவர்களுக்கும் காபி கொடுத்தாள். ஆனால் சவுரிமுத்துவிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. மேஸ்திரியைப் பார்க்க வேறு யாரும் வரவும் இல்லை.

மாதம் முடிந்துகொண்டிருந்தது. சரசு கெடுவைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஜீவிதாவுக்குத்தான் அது மறக்கவில்லை. கறுப்பு நாய்க்கு வீடு கிடைத்ததே, அது போதாதா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். போதவில்லை. இல்லத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த வெளுத்த தலை வந்து அவள் செருப்புமேல் உட்காரும். உனக்கு நான் எழுதியது பலிக்கவில்லையேடா என்று அவள் காலை உருவாமலே நிற்பாள். ஆயிரம் மெஷினை விற்றுக் கொடுத்து என்ன புண்ணியம் என்றுகூட நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு சவுரிமுத்து மனைவியுடன் வந்து இறங்கினார். ஏஞ்சல் என்ற அந்த அம்மாள் பட்டுப் புடவையில் இருந்தாள். வந்ததும் வராததுமாகச் சரசுவைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டாள்.

“படி ஏற மாட்டான்னு எழுதிட்டீங்க. எங்க வாசல்ல மூணு படி. இந்த மனுஷன் அன்னைக்கு வந்ததுலேர்ந்து ஒரே நச்சு. கொத்தனாரைத் தேடிப் புடிச்சுப் படிக்குப் பக்கத்துல சரிவா கட்டி முடிச்சாச்சு. சிமெண்ட் காய்றதுக்குள்ள மழை வந்து ஒருதரம் அடிச்சுகினு போயி, மறுபடியும் கட்டினோம். அதான் லேட்டு.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்,” என்றாள் ஜீவிதா.

“கட்டி முடிக்காம என்னத்த சொல்றது?” என்றார் சவுரிமுத்து. “வரேன் வரேன்னு வாயால சொல்லிட்டு வராமப் போறவங்களை நீங்க நெறையப் பாத்திருப்பீங்க.”

சரசு மேஸ்திரியின் துண்டு, மாத்திரை, தட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தாள். வண்டி போகும்வரை கல்லு மாதிரி நின்றாள். போனதும் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து ஒருமூச்சு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, மற்ற நாய்களுக்குச் சோறு பிசைந்தாள்.

சில வாரம் கழித்து, அவளைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஜீவிதா அனகாபுத்தூருக்குப் போனாள். நாயைக் கொடுத்த வீட்டைப் போய்ப் பார்த்து வருவது இல்லத்தின் வழக்கம். சந்துக்குள் எங்கோ தறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டைக் கண்டுபிடித்துச் சரசு கேட்டில் கை வைத்தாள்.

உள்ளேயிருந்து இடி மாதிரி ஒரு குரைப்பு.

சரசு வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். வாசற்படிக்குக் குறுக்கே நாலு காலையும் அகட்டி ஊன்றி நின்றுகொண்டு, மேஸ்திரி அவளைப் பார்த்துக் குரைத்தான். நீ யார், எதற்கு வந்தாய், யாரைக் கேட்டு கேட்டைத் தொட்டாய் என்று குரைத்தான். இல்லத்தில் இருந்த காலமெல்லாம் அவன் குரைத்து அவள் கேட்டதே இல்லை. அங்கே அவனுக்குக் காக்க என்ன இருந்தது?

“என்னையே கொலைக்கிறான் பாரும்மா,” என்றாள் சரசு. குரல் உடைந்தது, ஆனால் வாய் கொள்ளாமல் சிரித்தாள். “டேய், நான்டா.”

காற்று திரும்பி வாசனை எட்டியதும் வால் ஆடியது. சரிவில் மெதுவாக இறங்கி வந்து, கேட்டுக்கு உள்ளே இருந்தபடியே அவள் கையை நக்கினான். ஏஞ்சல் வந்து கதவைத் திறந்து உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். சவுரிமுத்து மேஸ்திரியின் குறட்டையைப் பற்றி அரைமணி நேரம் பெருமையடித்தார். தன் குறட்டையை அது தோற்கடித்துவிட்டதாம்.

கிளம்பும்போது மேஸ்திரி கேட் வரைக்கும் வந்தான். பின்னாலேயே வந்துவிடுவானோ என்று சரசு தயங்கி நின்றாள். அவன் வரவில்லை. அவள் வெளியே போய்விட்டாளா என்று பார்த்தான், திரும்பினான், கம்பத்துக்கு நிற்கிற அதே நிதானத்தோடு சரிவில் ஏறிப் போய் வாசலை அடைத்தாற்போல் படுத்துக்கொண்டான்.

எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், சரசு கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, “யாரும்மா நீங்க? யாரைப் பாக்க வந்தீங்க?” என்று கேட்டாள்.

சரசு புடவைத் தலைப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நம்ம பையன் வூடு இது. எப்படி கீறான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றாள்.